நாற்பத்து மூன்றாம் வரிசையின் ஏழாவது செடி

அனுப்புநர்:
முதுநிலை வயல் உதவியாளர்,
ஆமணக்குப் பிரிவு,
எண்ணெய்வித்து ஆராய்ச்சிப் பண்ணை.

பெறுநர்:
பண்ணை இயக்குநர் அவர்கள்,
தலைமைக் கட்டடம், முதல் மாடி.

பொருள்: ஆமணக்கு வயலில் ஒத்திராத செடிகளைத் திங்கட்கிழமைக்குள் அகற்றும் ஆணை – ஒரு செடிக்கு மட்டும் முப்பத்தாறு நாள் விலக்கு கோருவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இப்பண்ணையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். குறை என்று சொல்ல அதிகம் இல்லை. ஓய்வறைக் கூரை ஒரு மூலையில் ஒழுகுகிறது. அந்த மூலையில் நாங்கள் உட்காருவதில்லை. மனு எழுதுவது எனக்கு இதுவே முதல் முறை.

2. தூய்மையான வளாகத்துக்கான கேடயம் சென்ற ஆண்டு அரை மதிப்பெண்ணில் கைநழுவிய வருத்தம் எங்களுக்கும் உண்டு. எனவே, உயரத்திலும் நிறத்திலும் ஒத்திராத செடிகளைப் பிடுங்கச் சொன்ன தங்கள் ஆணையை மரியாதையுடன் படித்தோம். பிறகு வயலைப் பார்த்தோம். இருநூற்றுப் பன்னிரண்டு வரிசைகள். ஒவ்வொன்றும் ஒரு ரகம். சிவப்புத் தண்டு, பச்சைத் தண்டு, முள்ளுள்ள காய், முள்ளில்லாத காய், ஆளுயரம், இடுப்புயரம். ஒன்றைப் போல் இன்னொன்று இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே அரசு எங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது. எந்தச் செடியைப் போல மற்றவை இருக்க வேண்டும் என்பது ஆணையில் விடுபட்டிருக்கிறது.

3. வளாக மேற்பார்வையாளர் நேற்று வயலுக்கு வந்தார். நல்ல மனிதர். அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்கிறேன்: "என்னக்கா இது, வயலா சந்தைக் கூட்டமா? ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை. இது என்னடான்னா தலையில பையை மாட்டிக்கிட்டு நிக்குது! வர்றவங்க சிரிக்க மாட்டாங்களா?" முதலில் போக வேண்டியது இதுதான் என்று அதில் சுண்ணாம்புக் குறியும் போட்டுவிட்டார்.

4. அப்படிக் குறி பெற்றது நாற்பத்து மூன்றாம் வரிசையின் ஏழாவது செடி. ஆமணக்குக் காய் முற்றியதும் வெயிலில் வெடித்து விதையைச் சிதறவிடும் என்பது தாங்கள் அறிந்ததே. அதைக் குனிந்து பொறுக்குவதுதான் அறுவடையில் பாதி வேலை. என் இடுப்பு அதற்குச் சாட்சி. இந்தச் செடியின் முதல் குலை காய்ந்து பதினெட்டு நாளாகியும் ஒரு காய்கூட வெடிக்கவில்லை. ஒன்பது ஆண்டுகளாக இதைத்தான் தேடினோம். முதல் குலையின் விதை கைவசம் இருக்கிறது. ஆனால் அதற்குத் தகப்பன் யார் என்பது காற்றுக்கே வெளிச்சம். ஆகவே அடுத்து அரும்பிய குலைக்கு, வெளி மகரந்தம் படாதபடி காகிதப் பை மாட்டினோம். அது முற்றத்தான் இந்த முப்பத்தாறு நாள்.

5. "அதே வரிசை விதை மிச்சம் இருக்குமேக்கா, மறுபடி போட்டுக்க வேண்டியதுதானே?" என்றும் அவர் கேட்டார். நியாயமான கேள்வி. என் தாய்க்கு நாங்கள் ஐந்து பேர். ஒருவர் வக்கீல், இன்னொருவர் வாயே திறக்க மாட்டார், மற்ற இருவரைப் பற்றி இங்கு எழுதுவதற்கில்லை. இன்னொரு வக்கீல் வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டிருந்தால் கிடைத்திருப்பாரா என்பது சந்தேகமே. அந்த வரிசையின் மற்ற செடிகளில் காய்கள் எல்லாம் வழக்கம்போல் வெடித்துவிட்டன.

6. எனவே இந்த ஒரு செடியைக் காய் முற்றும்வரை விட்டுவைக்க ஆணையிட வேண்டுகிறேன். அழகை முன்னிட்டுப் பழுப்புப் பைக்குப் பதில் வெள்ளைப் பை மாட்டவும், கேடயத்துக்கு மதிப்பெண் போடும் குழு வரும் நேரம் செடியை மறைத்தபடி நானே நிற்கவும் தயார். என் உயரம் பொருத்தமானது.

7. களைவெட்டிகள் அனைத்தும் கருவிக் கொட்டகையில் பத்திரமாகப் பூட்டப்பட்டுள்ளன. சாவியை எங்கே வைத்தேன் என்பது தற்சமயம் நினைவில்லை. தங்கள் பதில் கிடைத்ததும் நினைவுக்கு வந்துவிடும் என்று உறுதியளிக்கிறேன்.

நாள்: 14, வெள்ளிக்கிழமை
இடம்: ஆமணக்கு வயல், வடக்கு வரப்பு

பணிவுடன்,
(கையொப்பம்)
முதுநிலை வயல் உதவியாளர்