முன்பல்லில் வந்த குளிர்ச்சி

இன்று மத்தியானம் கம்பெனி வாசலில் ஐஸ் போட்ட மோர் வாங்கிக் குடித்தேன். முதல் மிடறிலேயே மேல்வரிசை முன்பற்கள் சுரீரென்று கூசின. கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணுக்குள் நீ வந்து நின்றாய்.

முதலிபாளையத்தில் நாம் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தோம். நீ மகளை ஊரில் விட்டுவிட்டு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த டெய்லர், நான் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங். அப்போது என் மேல்தாடை உதடு மூடாத அளவுக்குத் துருத்திக்கொண்டிருக்கும். சிரித்தால் கையால் வாயை மறைத்துக்கொள்வேன். கோயம்புத்தூரில் தாடை எலும்பை அறுத்துப் பின்னுக்குத் தள்ளி வைத்தார்கள். வீக்கம் வடியும்வரை இந்த ஊர் ராயபுரத்தில் உன் வாடகை வீட்டில்தான் கிடந்தேன். கஞ்சியை வடிகட்டி ஊட்டினாய்.

முகம் அழகாகத்தான் ஆகியிருந்தது. பற்கள்தான் என்னுடையவையாக இல்லை, தட்டினால் மரக்கட்டை. இங்கே ஒரு பல் டாக்டர் குளிர்ந்த பஞ்சை வைத்துப் பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றதும், பல் செத்துவிட்டது, எல்லாவற்றுக்கும் ரூட் கேனல் செய்ய வேண்டும் என்றார். நான் தலையாட்டிவிட்டேன். நீதான் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாய்.

"ஆபரேஷன் பண்ணுனவர கேக்காம பல்லத் தொட விடமாட்டேன்ட்டி."

மறுநாளே லீவு போட்டுவிட்டு என்னோடு கோயம்புத்தூர் பஸ் ஏறினாய். ஆபரேஷன் செய்த டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

"கூச்சம் தெரியலைன்னா பல்லு செத்துருச்சுன்னு அர்த்தமில்லைங்க. நரம்பு மரத்துக் கிடக்குது. உள்ள ரத்தம் ஓடிட்டு இருக்கலாம்."

வலியோ வீக்கமோ வராமல், நிறமும் மாறாமல் இருக்கும்வரை பொறுக்கலாம், அவ்வப்போது வந்து காட்டுங்கள் என்றார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி என் பல்லில் வைப்பாய். தெரிகிறதா என்பாய், இல்லை என்பேன். மாதங்கள் போயின. நீ சலித்துக்கொண்டதே இல்லை. மழை பெய்த ஒரு ஞாயிறன்று, ஐஸ் பட்டதும் உன் கையைத் தட்டிவிட்டேன். உனக்குப் புரியவில்லை.

"கூசுதுடி" என்றேன்.

நீ தரையில் உட்கார்ந்து அழுதாய்.

போன வருஷம் காய்ச்சலோடு ஊருக்குப் போன நீ திரும்பி வரவில்லை, உன் சாவுச் செய்திதான் வந்தது. அன்றிலிருந்து உன் மகள் யாரோடும் பேசுவதில்லை. நான் வாரம் தவறாமல் போன் செய்கிறேன். எடுப்பாள், மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். வேலை, மழை, என்ன சமைத்தேன் என்று நானே பேசிவிட்டு வைப்பேன். எதற்கு வீணாக என்று உன் அண்ணன்கூடச் சொல்லிப் பார்த்தார்.

போன வாரம், வைக்கப்போகும் நேரத்தில் அவள் கேட்டாள்.

"சாப்ட்டீங்களா சித்தி?"

உன் குரலேதான்.