காரின் பின்பக்கத்தில் ஒரு சாம்பல் நிறச் சேலை

அம்மா,

அப்பா காரை விற்கிறார். இன்று கிள்ளானுக்குப் போய்ப் பின்பக்கத்தைக் காலி செய்து கொடுத்தேன். குடை, பழைய கட்சித் தொப்பிகள், பாதி தீர்ந்த தண்ணீர்ப் பெட்டி. எல்லாவற்றுக்கும் அடியில் உன் துணிப்பை. திறந்ததும் பாச்சை உருண்டையும் விபூதியும் கலந்த வாசம். உள்ளே அந்தச் சாம்பல் நிற நூல் சேலை, மடிப்புக் கலையாமல்.

நீ கண்ணை மூடியதும் உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். பிள்ளை பிறந்தாள், பால், தடுப்பூசி, காய்ச்சல் என்று தள்ளிக்கொண்டே வந்துவிட்டது. இன்று தள்ள முடியவில்லை. கட்சியில் உன் மருமகனை இந்தத் தேர்தலில் நிற்கச் சொல்கிறார்கள். நாளை அவர் பதில் சொல்ல வேண்டும். "நீ வேணாம்னா வேணாம்தான். ஆனா பார்க்கலாம்னு மட்டும் சொல்லாத லா," என்கிறார். நான் பார்க்கலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு சட்டமன்ற உறுப்பினரின் மனைவியாக இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். நான் உன் மகள்.

அப்பா மாநில ஆட்சிக்குழு உறுப்பினராகி டத்தோ பட்டம் வாங்கிய நாளிலிருந்து ஊரே உன்னை 'டத்தின்' என்றது. மேடையில் மாலை, முன் வரிசை நாற்காலி, பள்ளி விழாவில் பரிசு கொடுக்கும் கை. நீ மைக்கைக் கண்டால் பயப்படுவாய் என்பது அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். கூட்டம் முடிந்து வந்து உப்புத் தண்ணீரில் காலை வைத்தபடி, "இன்னிக்கு என்ன உளறினேன்?" என்று என்னிடம் கேட்பாய். சாப்பிடும் நேரத்தில் போன்களெல்லாம் வாசலில் செருப்பு அலமாரிக்குள் இருக்க வேண்டும் என்பது உன் சட்டம். மாநில அரசாங்கமே அழைத்தாலும் அப்பாவின் போன் செருப்புகளுக்கு நடுவில்தான் அலறும். "நாட்டுக்குக் கொடுத்தது போக மிச்சம் எனக்கும் பிள்ளைக்கும்," என்பாய். அந்த மிச்சம் ஒரு நாளும் குறைந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பார் பக்கம் ஒரு தாமான் குடியிருப்புக்குக் கல்யாணத்துக்குப் போனோம். அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். உனக்கு அரக்குப் பட்டு, தலை நிறைய மல்லிகை, கையில் பரிசுப் பை. போன் காட்டிய தெருவில் நீலமும் வெள்ளையுமாகக் கூடாரம், வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அப்பா காருக்குள் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நீ முதலில் இறங்கி, சிரித்த முகத்தோடு கூடாரத்துக்குள் நடந்தாய். நான் உன் பின்னால்.

நாற்காலியில் இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. உள்ளே ஊதுபத்திப் புகை. முன்கூடத்தில் பெட்டி. கல்யாண வீடு அடுத்த தெருவில் இருந்தது, அதே நிறக் கூடாரத்தோடு.

நீ கார் வரை திரும்பி வந்தாய். அப்பா கண்ணாடியை இறக்கி, "வந்துடு, யாரும் பார்க்கல," என்றார்.

"எல்லாரும் பார்த்துட்டாங்க. நீங்க இறங்காதீங்க. கல்யாணத்துக்குப் போங்க, தாலி கட்டுற நேரம் ஆச்சு."

"தனியாவா? என்ன சொல்றது அவங்க கிட்ட?"

"வழியில ஒரு வீட்ல இறங்கிட்டாள்னு சொல்லுங்க."

தலைப்பூவை உருவிப் பரிசுப் பையோடு அப்பா மடியில் போட்டாய். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு உள்ளே போய், பெட்டிக்கு அருகில் அழுதுகொண்டிருந்த அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். இறந்தது அவர் கணவர், லோரி ஓட்டியவர். நீ பொய் சொல்லவில்லை. "வழி தவறி வந்துட்டேம்மா. ஆனா வந்துட்டேன்," என்றாய். அவர் உன் கையைப் பிடித்தார். பெட்டியை எடுக்கும் வரை விடவே இல்லை.

மறுநாள் அந்தப் படம் எல்லார் போனிலும் சுற்றியது. பெட்டிக்குப் பக்கத்தில் நீ, பட்டு மின்ன. 'எழவு வீட்டுக்கும் பட்டுதானா டத்தின்?' என்று கீழே ஒருவன் எழுதியிருந்தான். அதற்குக் கீழே இன்னும் கேவலமானவை. அப்பாவின் அலுவலகத்தில் விளக்க அறிக்கை தயார் செய்தார்கள். நீ வேண்டாம் என்றுவிட்டாய். "என் மானத்தைக் காப்பாத்த அந்தப் பொண்ணோட துக்கத்த ஏன் பேப்பர்ல போடணும்? அவங்களுக்குத் தெரியும். போதும்." அன்று நீ சாப்பிடவில்லை. போனை என்னிடம் கொடுத்து, "நீயே வச்சிரு, நான் கேக்குற வரைக்கும் தராதே," என்றாய். வெகு நாள் கேட்கவில்லை.

கருமக்கிரியை முடிந்த மறுநாள், அலுவலகத்துக்குச் சொல்லாமல், நீயே காரோட்டி என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். பிரிக்பீல்ட்ஸ் கடையில் அதற்கென்றே வாங்கிய இந்தச் சாம்பல் நிறச் சேலையில். கதவைத் திறந்த அந்த அக்கா உன்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னிக்காவது வழி தெரிஞ்சு வந்தீங்களா டத்தின்?"

"இன்னிக்குத் தெரிஞ்சுதான் வந்தேன்."

இரண்டு பேரும் சிரித்தீர்கள். அப்புறம் இரண்டு பேரும் அழுதீர்கள். நான் வாசலில் செருப்பைக் கழற்றியபடி நின்று, இவள் என் அம்மா என்று நினைத்துக்கொண்டேன். உனக்கு மாலை விழுந்த எந்த மேடையிலும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அன்றிலிருந்து சேலை காரிலேயே தங்கிவிட்டது. "எந்தக் கூடாரம்னு இறங்கினாத்தானே தெரியும்," என்பாய்.

எனக்கு உன் தைரியம் இல்லை அம்மா. என் பிள்ளையின் படத்துக்குக் கீழே ஒருவன் எழுதினால் எனக்கு மூச்சு நின்றுவிடும். அதைத்தான் இத்தனை நாள் யோசித்தேன். ஆனால் இன்று அந்தப் பையைப் பிடித்தபடி நின்றபோது, உனக்கும் மூச்சு நின்றிருக்கும் என்று தோன்றியது. போனை என் கையில் கொடுத்தாயே, அப்போது உன் விரல்கள் சில்லென்றிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் தள்ளுவண்டியை நகர்த்தி, என் காரின் பின்பக்கத்தில் பைக்கு இடம் செய்தேன். அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னது இது?"

"அம்மாவோட சேலை. இங்கதான் இருக்கும். எடுக்காதீங்க."

அந்தக் கதை அவருக்கும் தெரியும்.

"அப்போ நாளைக்கு என்ன சொல்ல?"

"நிக்கிறேன்னு சொல்லுங்க. இப்போ உள்ள வாங்க, சாப்பாடு ஆறுது. போனைச் செருப்பு அலமாரியில வச்சிட்டு வாங்க."