எட்டு போடாத வண்டி

அத்தான்,

இன்று காலை பாளையங்கோட்டையில் ஒரு ஷெட்டில் கியர் ஆயில் டப்பாவைத் திறந்தார்கள். வாடை மூக்கில் ஏறியதும் என் தலை தானாகக் குனிந்துவிட்டது. கந்தகம் கொஞ்சம் தூக்கலாக, கெட்டுப்போன முட்டையை நினைவூட்டும் வாடை. பிளேட் டைப் டிஃபரன்ஷியலுக்கென்றே விற்கிற ஆயில் அது. நீங்கள் வாங்கி வரச் சொல்லி, நான் வாங்காத ஆயில்.

என்னோடு வங்கியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் தன் காரை மண் ரேஸுக்குத் தயார் செய்கிறார். இன்ஜின் பலத்தை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் எந்த வகை போடலாம் என்று கேட்க என்னைக் கூட்டிப் போயிருந்தார். நானும் பெரிய ஆள் மாதிரி விளக்கினேன். ஒரு வார்த்தைகூட என் சொந்தச் சரக்கு இல்லை.

"மாப்ளே, முன்சக்கரம் இழுக்குத வண்டி இது" என்று உங்கள் வண்ணார்பேட்டைப் பட்டறையில் அன்று எனக்கு நீங்கள் சொன்னது அப்படியே வந்தது. "வளைவுல உள்பக்கச் சக்கரம் லேசாயிட்டுன்னா இன்ஜின் பலமெல்லாம் அதுக்கே போயி சும்மா சுத்தும். அதத் தடுக்கத்தான் எல்எஸ்டிங்குத இந்த டிஃபரன்ஷியல். ரெண்டு வகை இருக்கு. கியர் டைப்பு சாது. சாதா ஆயில்லயே கெடக்கும், தேயாது, ஸ்டீயரிங்கப் பிடுங்காது. ஆனா ஒரு சக்கரம் அந்தரத்துல தூக்கிட்டுன்னா கைவிட்டுரும். பிளேட் டைப்பு முரடு. தூக்குனாலும் பிடிக்கும், ஆனா தேயும், சத்தம் போடும், அதுக்குன்னு தனி ஆயில் கேக்கும். நீ தெனம் பேங்குக்குப் போற வண்டிக்கு சாதுவே போதும்."

எனக்குப் போதவில்லை. ரேஸ்காரர்களெல்லாம் பிளேட் டைப்தான் போடுகிறார்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். வருடத்துக்கு ஒருமுறை ராதாபுரம் பக்கம் செம்மண் பொட்டலில் ஓட்டுகிறவனுக்கு அவ்வளவு ரோஷம். வேறு யாராக இருந்தாலும் "போவே, வேற பட்டறையப் பாரு" என்று அனுப்பியிருப்பீர்கள். வந்தவன் பெண்டாட்டியின் தம்பி. "சரி, ஒன் இஷ்டம்" என்றீர்கள்.

மாட்டி முடித்ததும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "ஒடனே ரேஸுக்குப் போயிராத. மைதானத்துல பைய இருபது எட்டு போடு. பிளேட்டு ஒண்ணோட ஒண்ணு பழகட்டும். அப்புறம் இந்த ஆயில வடிச்சிட்டு இதே ஆயில் புதுசு ஊத்தணும். சாதா ஆயில் ஊத்துனா பிளேட்டு கருகிரும்."

மைதானத்துக்குப் போகத்தான் செய்தேன். மூன்று எட்டு போட்டிருப்பேன். அங்கே வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், "அண்ணாச்சி, லைசென்ஸ் இனிமேதான் எடுக்கப் போறீயளா?" என்று கத்தினான். அத்தனை பேரும் சிரித்தார்கள். ஊரெல்லாம் ரேஸ்காரன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த எனக்கு முகம் சுண்டிவிட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த ஆயிலை மதுரையிலிருந்து வரவழைக்க நாலு நாளாகும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ரேஸ். வழியில் ஒரு சர்வீஸ் கடையில் இருந்ததை வடித்துவிட்டுச் சாதா ஆயிலை ஊற்றிக்கொண்டேன். நீங்கள் கேட்டபோது, "எட்டும் போட்டாச்சு, ஆயிலும் மாத்தியாச்சு அத்தான்" என்றேன். சாப்பிட்டாச்சா என்று கேட்டால் ஆமாம் என்பதுபோல அவ்வளவு சுலபமாக வந்தது.

இரண்டாவது சுற்றிலேயே வண்டி உதறத் தொடங்கியது. ஸ்டீயரிங் கையைப் பிடுங்கியது. ஓரம் கட்டி இறங்கினேன். கூட்டம் கூடிவிட்டது. அதில் அடுத்த வாரம் உங்களிடம் கியர்பாக்ஸ் வேலைக்கு விடுவதாக இருந்த இரண்டு பேரும் நின்றார்கள். என்ன ஆச்சு என்று கேட்டார்கள். "எங்க அத்தான்தான் மாட்டுனாரு. ஃபிட்டிங் சரியில்ல" என்றேன்.

ரேஸ் பார்க்க வந்திருந்த நீங்கள் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தீர்கள். தெரிந்துதான் சொன்னேன். இன்றைக்கு வரை இல்லாத சாக்கெல்லாம் தேடிப் பார்த்துவிட்டேன், தெரிந்துதான் சொன்னேன். நீங்கள் ஜாக்கியைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா, என் கைத்தப்புதான்" என்றீர்கள்.

மறுநாள் பட்டறையில் கியர்பாக்ஸைத் திறந்தபோது வடிந்த ஆயிலில் விரலைத் தொட்டு முகர்ந்தீர்கள். அதில் அந்த வாடை இல்லை. என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். பிறகு கழிவுத்துணியில் கையைத் துடைத்துவிட்டு, "பிளேட்டு கருகிட்டு மாப்ளே. கியர் டைப்பே போட்டுருவோம்" என்றீர்கள். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அந்த இருவரும் வரவில்லை. அவர்கள் சொல்லக் கேட்டு மற்றவர்களும் வரவில்லை. கியர்பாக்ஸ் என்றால் உங்கள் கைதான் என்று இருந்த ஊரில், பிரேக்கும் கிளட்சும் மட்டும் பார்க்கிற ஆளாகிப் போனீர்கள். ஒரே ஒரு வாக்கியம் போதும், ஆயில் தப்பு என்னுடையது என்று. எத்தனை பொங்கலுக்கு உங்கள் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டேன்! அந்த வாக்கியம் சோற்றோடு சோறாக உள்ளே போய்விடும்.

இதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான்கு மாதத்துக்கு முன்னால் உங்கள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏலே, அவரு ஒன் வண்டியக் கெடுத்துட்டாருன்னு மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதல. பாவம், அன்னைக்கி ஒரு நா கை தப்பிட்டு" என்று அழுதாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லக்கா" என்றேன். உங்களை நான் மன்னித்தேன், அத்தான். நான் உங்களை!

இன்று நண்பர் ரேஸுக்கென்றே தனி வண்டி வைத்திருப்பதால் பிளேட் டைப்தான் வேண்டும் என்றார். அவருக்கு அதுதான் சரி. மாட்டியதும் நானே வண்டியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய் இருபது எட்டு போட்டேன். இன்றும் சிலர் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவர்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவ்வளவுதான் அந்தச் சிரிப்பு.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எட்டு, ஆயில், ஜாக்கி, எல்லாவற்றையும் சொன்னேன். முடிக்கும் வரை கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவருக்குத் தெரியுமால?"

"மொத நாளே தெரியும்க்கா."

காம்பையெல்லாம் ஒதுக்கித் தள்ளினாள். பிறகு சொன்னாள்: "என் தம்பிங்கதுனால அவரு சொல்லல, சரி. அவரு உசுரோட இருக்கும்போது நீ ஏம்ல சொல்லல?"

நீங்கள் போட்டுக் கொடுத்த அந்தச் சாதுவான கியர் டைப் இன்னும் என் வண்டியில்தான் இருக்கிறது. சாதா ஆயில்தான் ஊற்றுகிறேன். வீடு வரும் வரை ஒரு வளைவில்கூட அது சத்தம் போடவில்லை. அக்காவுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைக்குமா என்று வழியெல்லாம் தேடிக்கொண்டே வந்தேன். இன்னும் தேடுகிறேன், அத்தான்.