நானூற்றுப் பன்னிரண்டு படிகள்

பிப்ரவரி 2
குழாய் சரிசெய்ய வருகிறேன் என்றவர் இன்றும் வரவில்லை. யாரும் கூப்பிடாமலே மாமனார் வந்துவிட்டார், கையில் நான் எழுதிய சுற்றுலாப் புத்தகத்தோடு. அதை முழுதாகப் படித்த ஒரே ஆள் அவர்தான். முப்பத்தாறு வருஷம் நிலம் அளந்தவர், கமாவைக்கூட விடுவதில்லை.

ஒன்பதாம் அத்தியாயம், பக்கத்து ஊர் மலைக்கோட்டை. “ஞாயித்துக்கிழமை நாம ரெண்டு பேரும் ஏறுறோம், மாப்பிள்ளை.”

அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம்தான் ஆகிறது. டாக்டரைக் கேளுங்கள் என்றேன், அவர் விடமாட்டார் என்ற தெம்பில்.

பிப்ரவரி 4
விட்டுவிட்டார். மாமனார் என் அத்தியாயத்தையே காட்டினாராம். ‘அகலமான நானூற்றுப் பன்னிரண்டு படிகள், வழியெல்லாம் நிழல், மேலே வற்றாத சுனை. முதியவர்களும் பேசிக்கொண்டே ஏறலாம்.’ டாக்டர் படித்துவிட்டு, “இவ்வளவு தெளிவா எழுதியிருக்காரே, மெதுவா போயிட்டு வாங்க” என்றாராம். அச்சில் வந்தால் போதும், டாக்டருக்கும் மூளை லீவு போட்டுவிடும்.

பிப்ரவரி 5
இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன். நான் அந்த மலையில் ஏறியதே இல்லை.

எழுதுவதற்காகப் போன அன்று நல்ல வெயில். அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்து, எத்தனை படி என்று கேட்டேன். “ஒரு நானூறு இருக்கும்” என்றார் கடைக்காரர். முழு எண்ணாகப் போட்டால் எண்ணாதது தெரிந்துவிடுமே என்று பன்னிரண்டைச் சேர்த்தது நான். அந்தப் பன்னிரண்டில் எனக்கு அன்று எவ்வளவு பெருமை! சுனை? கோட்டை என்றால் சுனை இருக்காதா என்ன?

பிப்ரவரி 6
சொல்லவில்லை.

பிப்ரவரி 7
மனைவி சொன்னாள்: “அப்பா இப்பதான் பழையபடி சிரிக்கிறாரு. நீங்க கூட இருக்கீங்கங்கற தைரியத்துலதான் அனுப்புறேன்.” உண்மை தொண்டை வரை வந்தது. காபியோடு சேர்த்து விழுங்கினேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு
புத்தகத்தை மதித்து மாமனார் தண்ணீர் கொண்டுவரவில்லை. நான் பையில் இரண்டு பாட்டில் ஒளித்து வைத்திருந்தேன். என் எழுத்தின் மேல் எனக்கிருந்த நம்பிக்கை அவ்வளவுதான்.

படி ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஏறினார்.

“நிழலக் காணோமே?”

“மரத்த வெட்டிட்டாங்க போல, மாமா.” சுற்றிலும் மொட்டைப் பாறை. வெட்கமே இல்லை எனக்கு.

ஓர் இடத்தில் சட்டென்று நின்றார். முகம் வெளுத்து, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. “நானூத்திப் பன்னெண்டு. கோட்டை வாசல் எங்க மாப்பிள்ளை?”

அண்ணாந்து பார்த்தேன். மதில் தீப்பெட்டி அளவில் தெரிந்தது. இறங்கி வந்த ஒருவர், “பாதிகூட வரலீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். மாமனாரின் கை நெஞ்சுக்குப் போனது.

ஐயோ — என்ன சொன்னேன் என்றுகூட ஒழுங்காக நினைவில்லை. நான் ஏறவே இல்ல மாமா, எல்லாம் கீழ உக்காந்து எழுதினது, இந்தாங்க தண்ணி, ஏதாவது பேசுங்க மாமா...

தண்ணீரைக் குடித்தார். பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்தார். பிறகு, “நான் ஒரு துண்டு நிலத்தக்கூட மிதிக்காம அளந்ததில்ல” என்றார். அடித்திருந்தால்கூடத் தேவலை.

கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுவர இரண்டு மணி நேரம்.

பிப்ரவரி 9
இதயத்துக்கு ஒன்றுமில்லையாம். “இன்னும் நூறு படி ஏறியிருந்தா சொல்ல முடியாது” என்றார் டாக்டர், தான் அனுமதி கொடுத்ததையே மறந்து. மனைவி என்னிடம் பேசுவதில்லை. தட்டு மட்டும் டங்கென்று பேசுகிறது.

பிப்ரவரி 14
தனியாகப் போய் ஏறினேன். ஆயிரத்து நூற்றுச் சொச்சம். நடுவில் ஒருமுறை எண்ணிக்கை விட்டுப்போனது. சுனையில் காய்ந்த பாசியும் ஒரு சிப்ஸ் பொட்டலமும். மதிலில் நின்றால் காற்று ஆளைத் தள்ளுகிறது. கீழே ஊர் முழுக்கத் தெரிகிறது. அழகாகத்தான் இருக்கிறது. இதையே எழுதியிருக்கலாமே, பாவி.

பிப்ரவரி 20
பதிப்பாளரிடம் சொன்னேன். “இதுவரைக்கும் யாரும் செத்ததா புகார் வரலையே சார். அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்.” இந்தப் பதிப்பே கடைகளில் தூங்குகிறது.

மார்ச் 1
மூன்று வாரத்துக்குப் பிறகு மனைவி பேசினாள்: “அப்பா உங்கள பசை வாங்கிட்டு வரச் சொன்னாரு.”

மார்ச் 8
மூன்றாவது புத்தகக் கடை. மாமனார் பசை தடவ, நான் ஒவ்வொரு பிரதியின் அட்டையிலும் சீட்டு ஒட்டுகிறேன். வாசகம் அவருடையது: ‘ஒன்பதாம் அத்தியாயம் தவறு. ஆசிரியர் ஏறாமல் எழுதியது. படிகள் ஆயிரத்துக்கு மேல். நிழல் இல்லை, நீர் இல்லை.’

ஊன்றுகோலோடு ஓர் அம்மா ஒரு பிரதியை எடுத்தார். சீட்டை நிதானமாகப் படித்தார். “நல்லவேளை” என்று புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

மாமனார் அடுத்த சீட்டை என் பக்கம் நீட்டினார். “நேரா ஒட்டுங்க மாப்பிள்ளை” என்றார்.