கனத்த பிஸ்டலா, இலேசு பிஸ்டலா

ஜூலை 3, 1996

மைசூர் மாநகரமே, கேள். உன் மாபெரும் வீரன், ரயில்வே பட்டறை ஸ்டோர் கிளார்க் வேலாயுதம், இன்று அறுபது குண்டில் 538 புள்ளி எடுத்தான். மாநில அணிக்கு 555 வேண்டும். பதினோரு வருடமாக இந்தப் பதினேழு புள்ளி இடைவெளிக்குள்தான் குடியிருக்கிறேன். அந்த விலாசத்துக்கு ரேஷன் கார்டு மட்டும்தான் வாங்கவில்லை.

கிளப்பில் போட்டிக்குத் தகுந்த ஏர் பிஸ்டல் இரண்டே இரண்டு. ஒன்று கனம். தூக்கினால் அம்மிக்கல். முதல் இருபது குண்டுக்கு மலைபோல நிற்கும். பிறகு என் தோள் கழன்று கொள்ளேகால் பஸ் ஏறிவிடும். மற்றது இலேசு. தோள் பிழைக்கும், ஆனால் என் கை நடுக்கம் மொத்தமும் குழல் முனைக்கு வந்து கரகம் ஆடும்.

செயலாளர் சென்னப்பன் கெடு வைத்துவிட்டார். "இருபதாம் தேதிக்குள்ள எழுதிக் குடுங்க சார். உங்களுக்கு ஒண்ணு, சொர்ணலதாவுக்கு ஒண்ணு. சீனியர் நீங்க, முதல்ல நீங்க சொல்லுங்க."

சொர்ணா என் அக்கா மகள். மருந்துக்கடையில் வேலை. இரண்டு வருடம் முன்புதான் சுட ஆரம்பித்தாள். கழுதை, இப்போதே 545 எடுக்கிறாள்.

எனக்கு ஐம்பத்தாறு. ஆகஸ்டில் பெங்களூரில் நடக்கும் தேர்வுப் போட்டிதான் கடைசி.

ஜூலை 6

கனம். 531.

ஜூலை 8

இலேசு. 529. கை ஆடிய ஆட்டத்தில் சாமுண்டி மலையே இரண்டு அடி தள்ளிப் போயிருக்கும்.

ஜூலை 9

பட்டறையில் தலை சுற்றியது. ரத்த அழுத்தம் என்றார் டாக்டர். நீட்டிய கையையும் வெகுநேரம் பார்த்தார். தினம் காலையில் ஒரு மாத்திரை. பிஸ்டல் சுடுகிறவன் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் போகாதே என்பார்.

ஜூலை 15

இலேசு. 556! எண்ணியதில் தப்போ என்று அட்டைகளை மூன்று தரம் பார்த்தேன்.

ஜூலை 18

இலேசு. 563. ஐந்நூற்று அறுபத்து மூன்று! குழல் கல்தூணாக நின்றது. அரண்மனையில் இன்று விளக்குப் போட்டது எனக்காகத்தான்.

இலேசு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"மாமா, எனக்கும் அதுதான் ஒத்து வருது. கொஞ்சம் விட்டுக் குடுங்களேன்" என்றாள் சொர்ணா.

"ராஜ்யத்தில் பாதி கேள், தருகிறேன். பிஸ்டலைக் கேட்காதே."

சிரித்தாள். சரியாகச் சிரிக்கவில்லை.

ஜூலை 28

சொர்ணா சாப்பிட வந்தாள். மேசைமேல் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"மாவீரருக்கு."

"எப்போலேருந்து மாமா?"

"ஒன்பதாம் தேதி."

அட்டையைத் திருப்பிப் பெயரை மறுபடி படித்தாள். "இது நடுக்கத்தையும் நிறுத்திடும் மாமா. நம்ம விளையாட்டுல தடை. போட்டி ஃபாரம் பின்பக்கம் லிஸ்ட் இருக்கே, பாக்கலையா?"

ஃபாரத்தின் பின்பக்கத்தை எந்த வீரன் படித்திருக்கிறான்?

ஆக, 563 பிஸ்டலால் வந்தது இல்லை. என்னாலும் வந்தது இல்லை.

ஜூலை 29

சென்னப்பன்: "பெங்களூர்ல யாரு சார் சோதிக்கிறாங்க? சும்னே இருங்க."

சும்மா இருந்தால் 563. கேட்கவே இனிப்பாக இருக்கிறது. நாள் முழுவதும் அதையே சப்பிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 30

டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். "அழுத்தத்துக்கு வேற மாத்திரை இருக்கு. ஆனா கை பழையபடி ஆடும். இதை ஒரேயடியா நிறுத்தாதீங்க, குறைச்சுக்கிட்டே வரணும்" என்றார். சரி என்றேன். 563 எடுத்த அதே வீரன்தானே நான்?

ஆகஸ்ட் 8

பழைய மாத்திரை முழுவதுமாக நின்றாயிற்று. இலேசு. 512.

போதும்டா சாமி. பதினோரு வருஷமா கனம் சரியில்ல, இலேசு சரியில்லன்னு பிஸ்டலையே திட்டிக்கிட்டு இருந்தேனே! கை. கைதான். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், இல்ல? எனக்கு மட்டும் ஏன் தெரியல?

ஆகஸ்ட் 9

கனம். நாற்பதாவது குண்டுக்குப் பிறகு தூக்க முடியவில்லை, கீழே வைத்துவிட்டேன். சொர்ணா பக்கத்து மேடையில்தான் இருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பட்டறை லெட்ஜரில் என் கையெழுத்தைப் பார்த்து யாருடையது என்று கேட்டார்கள்.

ஆகஸ்ட் 10

காலையில் சென்னப்பன் வீட்டுக்குப் போய் என் பெயரை அடிக்கச் சொன்னேன். மாலையில் டாக்டரிடம். வழியில் யாரிடமும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. உடம்பு அவ்வளவு மோசம்.

ஆகஸ்ட் 13

எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 18

பெங்களூரில் ஒன்பது மணிக்குப் போட்டி. சொர்ணா நேற்றே போய்விட்டாள், இலேசு பிஸ்டலோடு. வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "ஏதாவது சொல்லுங்க மாமா" என்றாள். உலகத்தையே வாயால் அளந்த நான் கையை மட்டும் ஆட்டினேன்.

எட்டு மணிக்குப் பழைய மாத்திரையையே போட்டுக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு என் மனைவி பொன்னம்மா தலையணை உறை தைக்க உட்கார்ந்தாள். கண் தெரியவில்லை என்று ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டினாள். முதல் தடவையிலேயே கோத்துக் கொடுத்தேன்.