எடித்தை நீ அம்மா என்று கூப்பிடுவது பற்றி

உ

சிதம்பரம்
2-3-2010

அன்பு மகள் இளவரசிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நடராஜர் புண்ணியத்தில் சுகம், கடலூரில் உன் அண்ணன் செந்தமிழ்செல்வன் வீட்டிலும் எல்லாரும் சுகம். உன் சுகத்தை நான் கேட்கவில்லை, ஏனென்றால் அதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் ஒருத்தி உன் பக்கத்திலேயே இருக்கிறாள், அவளைப் பற்றியும்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். உங்கள் ஊர்ப் போனில் நான் சொன்னது உனக்கு வந்து சேருவதற்குள் நீ வேறு பேச ஆரம்பித்துவிடுகிறாய், அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து நிறுத்துகிறோம், அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து ஹலோ ஹலோ என்கிறோம், அதிலேயே போன் கார்டு தீர்ந்துபோகிறது. ஜூன் மாசத்தோடு உன் மூன்று வருஷ ஒப்பந்தம் முடிகிறது, அந்த ஊர் ஆஸ்பத்திரியிலேயே டாக்டராக இருக்க இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடவா, இல்லை ஹூஸ்டனில் கூப்பிடுகிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவா, நீ சொல்கிறபடி செய்கிறேன் அம்மா என்று கேட்டாயல்லவா, அதற்கான பதிலை ஹலோவுக்கும் ஹலோவுக்கும் நடுவில் சொல்ல முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன், பிறகுதான் மற்றது வரும். எதிர்வீட்டு விருத்தாம்பாள் மகன் அன்புமணி நியூஜெர்சியில் இருக்கிறானே, ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவள் காலையிலேயே தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் மணையில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்துவிடுகிறாள். அவன் அங்கே தோசை வார்த்தால் இவள் இங்கேயிருந்து கருகுதுடா, திருப்பிப் போடுடா என்கிறாள். அவன் முகத்தில் முளைக்கிற பரு முதற்கொண்டு அவளுக்குத் தெரியும். போதாததற்கு வாசலுக்கு வந்து என்னையும் கூப்பிடுகிறாள், அக்கா, எம் பேரனுக்குப் பல்லு மொளைச்சிருக்கு, வந்து பாருங்க, அப்படியே தொடலாம் போல இருக்குன்னு. போனேன், பார்த்தேன், பல் கொஞ்சம் கோணலாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லியிருக்கக் கூடாதுதான், ஆனால் சொன்ன பிறகு மோர் குடித்த மாதிரி இருந்தது. ஒங்க பொண்ணு இன்னிக்காவது கம்ப்யூட்டர்ல வந்துச்சாக்கா என்று அவள் கேட்காத ஞாயிறு கிடையாது. அவனும் அமெரிக்கா நீயும் அமெரிக்கா, அவன் முகம் வருகிறது உன் முகம் ஏன் வரவில்லை என்று அவளுக்கு விளக்கிச் சொல்லியே என் வாய் வலித்துவிட்டது.

எனக்கே அது புரிய நாளாயிற்று. நீ ஈமெயிலில் எழுதியதை அண்ணன் பிரிண்ட் எடுத்து வந்து படித்துக் காட்டினான். கவுண்டி என்றால் நம் ஊர்த் தாலுகா மாதிரி என்று எழுதியிருந்தாய், ஆனால் பரப்பில் நம் கடலூர் ஜில்லாவில் பாதி வருமாம், ஜனத்தொகை நாலாயிரத்துச் சொச்சமாம். நாலாயிரமா, ஆனித் தேருக்குக் கீழவீதியில் செருப்பைத் தொலைத்துவிட்டு நிற்கிறவர்களே அதற்கு மேல் இருப்பார்களே என்றேன். அந்த நாலாயிரத்திலும் மூன்றில் ஒருத்தர் அறுபத்தைந்து தாண்டினவர், பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள் ஒமாஹாவுக்கும் டென்வருக்கும் போனால் திரும்புவதில்லை, போன வருஷம் பிறந்ததைவிடப் புதைத்தது ஜாஸ்தி என்று எழுதியிருந்தாய். இவ்வளவு தூரத்துக்கு ஒரு வீடு இருந்தால் கேபிள் போட்டுக் கட்டுப்படியாகாது என்று கம்பெனிக்காரன் சொல்லிவிட்டானாம், அதனால் உங்கள் இண்டர்நெட் போன் ஒயரிலேயே எறும்பு மாதிரி ஊர்ந்துதான் வருகிறதாம், செல்லில் பேச மேட்டில் ஏறி நிற்க வேண்டுமாம். இதைக் கேட்டுவிட்டு அப்பா சொல்கிறார், அவன் சொல்றதும் ஒரு கணக்குதான், எங்க டிபார்ட்மெண்ட்டுலகூட திட்டக்குடிக்கு அந்தாண்ட ஒத்தை வீட்டுக்கு லைன் கேட்டா யோசிச்சுதான் இழுப்போம்னு. வேலை பார்த்த காலமெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஊருக்கே லைன் கொடுத்த மனுஷன், பெற்ற பெண் முகத்தைப் பார்க்க ஒரு லைன் இல்லை, அதில் கம்பெனிக்காரனுக்கு வக்காலத்து வேறு. அன்றைக்கு அவருக்குக் காபி கொஞ்சம் லேட்டாகத்தான் கிடைத்தது.

அப்படியும் நான் விட்டேனா. அண்ணனை நச்சரித்து நம் வீட்டுக்கும் கம்ப்யூட்டர், பிராட்பேண்ட், மேலே மாட்டுகிற கேமரா எல்லாம் வாங்க வைத்தேன். தீபாவளியன்று நீ வந்தாய். முதலில் நெற்றி, பிறகு ஒரு கண், பிறகு முழு முகமும் வந்து சிரித்தபடி நின்றது. உடனே ஓடிப்போய் விருத்தாம்பாளைக் கூட்டிவந்தேன், அவளும் பார்க்கட்டும் என்று. அவள் பார்த்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா, கையோடு உப்பு மிளகாய் எடுத்து வந்து உன் முகத்தைச் சுற்றி, துப்புடி என்று கையை நீட்டினேன். நீ துப்பவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தாய். மூணு தரம் துப்பு கண்ணு, அம்மா கைக்குத் துப்பு என்று திரும்பத் திரும்பக் கெஞ்சினேன். அண்ணன் குளித்துவிட்டு வந்து பார்த்து, ஏம்மா, லைன் கட்டாயி நேரமாச்சு, இது நின்னுபோன படம்மா, அவ போயிட்டா என்றான். விருத்தாம்பாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போனாள். மிளகாயை அடுப்பில் போட்டேன், நெடியே வரவில்லை, அவ்வளவு கண் பட்டிருக்கிறது. யார் கண் என்று நான் சொல்லப் போவதில்லை.

விருத்தாம்பாள் மேல் உள்ள பொறாமையாவது ஞாயிற்றுக்கிழமையோடு அடங்கிவிடும், எடித் மேல் உள்ளது அப்படி இல்லை. நீ மாடியில் குடியிருக்கிற வீட்டுக்காரி, எண்பது வயது, புருஷன் இல்லை, மகன் சியாட்டிலில் என்று நீ முதலில் எழுதியபோது, நல்ல துணை கிடைத்தது என்று சந்தோஷப்பட்டவள்தான் நான். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. எடித் உனக்கு ஸ்வெட்டர் பின்னினாள், நீ டூட்டி முடிந்து வருகிறவரை விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள், நீ அவளை வாரா வாரம் சர்ச்சுக்குக் காரில் அழைத்துப் போனாய். என்னோடு ஒரு பிரதோஷத்துக்குக் கோயிலுக்கு வாடி என்றால் பரீட்சை இருக்கு என்பாய். நீ அனுப்பிய போட்டோவில் அவள் கை உன் தலைமேல் இருக்கிறது, அந்தத் தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுத்த கை இங்கே சும்மா கிடக்கிறது. அதையும் பொறுத்துக்கொண்டேன். கார்த்திகைத் தீபத்துக்கு வந்த ஈமெயிலில்தான், தாயைத் தமிழில் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று எடித் கேட்டாள், சொல்லிக்கொடுத்தேன், இப்போது அவளை அம்மா என்றுதான் கூப்பிடுகிறேன், அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் என்று எழுதியிருந்தாய். அண்ணன் மேலே படித்துக்கொண்டே போனான், நான் போதும்டா என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வார்த்தையை உன் வாயால் கேட்க நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன் தெரியுமா, நீ முதலில் அப்பா என்றுதான் சொன்னாய், அதற்கும் எனக்கு அழுகை வந்தது. அவள் கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டாய். ஹூஸ்டன் பேச்சு அப்போதே அடிபட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், ஹூஸ்டனுக்குப் போ என்று சொல்வதென்று. அங்கே கோயில் இருக்கிறது, நம் ஜனம் இருக்கிறது, இண்டர்நெட் கொட்டிக் கிடக்கிறதாம், ஞாயிறு தவறாமல் உன் முகம் வரும், எடித் இருக்க மாட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் பொங்கல் வந்தது. பொங்கலன்று உன் போன் இல்லை, மாட்டுப்பொங்கலுக்கும் இல்லை. உன் பக்கம் பெரிய பனிப்புயல் என்று அன்புமணி சொன்னதாக விருத்தாம்பாள் வந்து சொன்னாள். அவன் முகம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்து என்ன, உன்னைப் பற்றி அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. காணும் பொங்கலன்று அப்பா கோயிலுக்குப் போயிருந்த நேரம் போன் அடித்தது. எடுத்தால் ஒரு கிழட்டுக் குரல், டாக்டர் இளா மதர், டாக்டர் இளா மதர் என்று கத்துகிறது. யுவர் டாட்டர் சேஃப், ரோடு க்ளோஸ்டு, ஹாஸ்பிடலில் ஈட்டிங், ஸ்லீப்பிங் என்று குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். ஆஸ்பத்திரிப் போனில் வெளிநாட்டுக்குப் பேச முடியாது என்று நீ அவளிடம் சொல்லி, அவள் நீ சுவரில் ஒட்டிவைத்த நம் நம்பரை அந்த மங்கின கண்ணை வைத்துக்கொண்டு அடித்து, எங்கெங்கோ ராங் நம்பர் போய், கடைசியில் என்னைப் பிடித்திருக்கிறாள். அப்படியே கீழே உட்கார்ந்து அழுதேன். அழுகை முடிவதற்குள் பொறாமை வந்துவிட்டது, மறைக்க மாட்டேன். நீ பத்திரமாக இருக்கிற சேதி முதலில் அவளுக்கு, பிறகுதான் எனக்கு. என் பெண் சாப்பிட்டாள் என்பதை அவள் எனக்குச் சொல்கிறாள்.

சரி, போனை வைப்பதற்கு முன்னால் மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே என்று, யூ ஈட் என்று கேட்டேன். நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் கேட்கிறதுதான், தெருவில் போகிற தபால்காரரைக்கூடச் சாப்பிட்டாச்சா என்கிறோம், ஆச்சும்மா என்பார், அதோடு சரி. அவளுக்கு அது தெரியவில்லை, நான் நிஜமாகவே கேட்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள் பார், நேற்று டின்னில் இருந்த சூப், கரண்ட் இல்லாததால் சுட வைக்கவில்லை, முந்தாநாளும் அதே சூப், இன்றைக்கு இரண்டு பிஸ்கட், ஒரு வாழைப்பழம், பூனைக்குக் கொஞ்சம் பால், ஹீட்டரும் நின்றுவிட்டது, போர்வைமேல் போர்வை போர்த்தியிருக்கிறேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். என் எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷுக்குப் புரிந்தது இவ்வளவு. யுவர் சன் என்றேன். மை சன் நோ கால் என்றாள். பிறகு அவளே பிஸி, பிஸி என்றாள். அதற்குமேல் இங்கிலீஷ் எனக்கும் வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. அப்பா கோயிலிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பாத்தியா, பழைய ஒயர் போனுக்குக் கரண்ட்டே வேணாம், எக்ஸ்சேஞ்சுல இருந்தே வரும், அதான் பேச முடிஞ்சுது என்றார். அவர் கவலை அவருக்கு.

அன்றிலிருந்து சோற்றில் கை வைத்தால் எனக்கு அந்தச் சுடாத சூப் ஞாபகம் வருகிறது. பொறாமைப்பட்டவளுக்கு வந்த தண்டனையைப் பார். நாலாயிரம் பேர், மூன்றில் ஒருத்தர் வயசானவர் என்று நீ எழுதியபோது அது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. இப்போது யோசித்தால் அது அத்தனையும் எடித். இருக்கிற இரண்டு டாக்டரில் ஒருத்தர் ரிட்டையர் ஆகப் போகிறார் என்றாய், நீயும் ஹூஸ்டனுக்குப் போய்விட்டால் புயலில் அவர்களை யார் போய்ப் பார்ப்பார்கள். அதனால் கையெழுத்துப் போடு. மூன்று வருஷத்துக்கும் போடு. மனசார எழுதுகிறேனா என்று கேட்காதே, முக்கால் மனசோடு எழுதுகிறேன், அந்தக் கால் மனசு இன்னும் ஹூஸ்டனில்தான் நிற்கிறது. விருத்தாம்பாளிடம் சொன்னேன், அய்யோ, அந்தப் பட்டிக்காட்டுலயேவாக்கா என்றாள். நியூஜெர்சியில ஒருத்தன் போனா ஒம்பது பேரு வருவான், எம் பொண்ணு போனா அந்த ஜில்லாவே நின்னுபோயிடும் என்றேன். அவளுக்கு முகம் செத்துவிட்டது, எனக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது.

மற்றபடி மாசிமகத்துக்குத் தேவனாம்பட்டினம் போய் அண்ணன் குடும்பத்தோடு கடலில் முழுகிவிட்டு வந்தோம், உன் பெயருக்கும் ஒரு முழுக்கு போட்டேன். அண்ணனுக்கு சிப்காட்டில் ஷிப்டு மாற்றிவிட்டார்கள், இளைத்துவிட்டான். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. கல்யாணப் பேச்சை இந்தக் கடிதத்தில் எடுக்க மாட்டேன் என்று அப்பாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன், அதனால் எடுக்கவில்லை. கையெழுத்துக்கும் அடுத்த டூட்டிக்கும் நடுவில் ஒரு மாதம் லீவு கேள், ஆடி பிறக்குமுன் இங்கே வந்து என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ, கம்ப்யூட்டரில் வேண்டாம். பார்சலில் பருப்புப்பொடி இரண்டு டப்பா அனுப்புகிறேன், சிவப்பு மூடி உனக்கு, வெள்ளை மூடியில் மிளகாய் போடவில்லை, அது எடித்துக்கு. சோற்றைக் குழைய வடித்து நெய் ஊற்றிச் சுடச்சுடப் பிசைந்து கொடு, ஸ்பூனால் சாப்பிட்டாலும் சரி. புயல் வருகிறது என்று தெரிந்தால் டூட்டிக்குப் போகுமுன் அவளுக்குச் சமைத்து வைத்துவிட்டுப் போ.

தில்லை நடராஜரும் எல்லைக்காளியும் உனக்குத் துணையிருக்க, நீ தொட்ட உடம்பெல்லாம் தேற, நூறாண்டு நன்றாக இரு கண்ணு. எல்லாவற்றையும் மறந்தாலும் இந்த ஒன்றை மட்டும் மறக்காதே. இனிமேல் எடித்தை அம்மா என்று கூப்பிடாதே. அவள் வயதில் எனக்கு மூத்தவள், நமக்கு முறை இல்லாமலா போய்விட்டது, பெரியம்மா என்று கூப்பிடு. பெரியம்மா என்றால் என்ன என்று கேட்பாள், எங்கள் அம்மாவுக்கு அக்கா என்று சொல்.

இப்படிக்கு,
உனக்கு இருக்கிற ஒரே அம்மா,
தி. சௌந்தரம்