கடைசி பெஞ்சில் ஜெனி

9 செப். 2002, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கடல் காற்றுகூடச் சுடுகிறது. இவருக்கு முதல் ஷிப்ட். ஸ்டாஃப் பஸ்ஸுக்கு ஓடின ஓட்டத்தில் டிபன் டப்பாவை டேபிள் மேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். தக்காளி சாதம். மத்தியானம் நானே சாப்பிட்டேன், உப்பு கம்மி.

வரும் ஞாயிறு பெண்கள் ஞாயிறு. வருஷத்தில் அன்றைக்கு மட்டும் ஆராதனையை நாங்கள் நடத்துவோம். மற்ற ஞாயிறெல்லாம் பெருக்குவது, பூ வைப்பது, டீ போடுவது. இந்தத் தடவை பிரசங்கம் என் தலையில். எங்கள் போதகரின் சம்சாரம், ஐயரம்மா, போனிலேயே முடித்துவிட்டார். "எஸ்தரு, நீதான் பேசற. மாட்டேன் கீட்டேன்னு சொன்ன, அப்புறம் கீது ஒனக்கு."

வேத பாடம் வாசிக்கப்போவது என் மகள் ஜெனி. பதினொன்றாவது படிக்கிறாள். முதல் தடவையாக ஆல்டரில், பலிபீட மேடையில், ஏறி நிற்கப்போகிறாள். அவளைவிட எனக்குத்தான் குஷி.

வாங்க: அவள் வெள்ளைப் புடவைக்கு ஃபால்ஸ். கொத்துமல்லி. இவருக்கு பிளேடு.

11 செப்., புதன்

மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றிவிட்டுப் போனது.

பேச எடுத்திருப்பது பெரும்பாடுள்ள ஸ்திரீயின் கதை. பன்னிரண்டு வருஷம் உதிரம் போய்க்கொண்டிருந்தவள். கூட்டத்துக்குள் புகுந்து, பின்பக்கமாக வந்து இயேசுவின் வஸ்திர ஓரத்தைத் தொட்டுச் சுகமானவள். குழம்பு கொதிக்கக் கொதிக்க கேஸ் அடுப்பைப் பார்த்துப் பிரசங்கம் பண்ணிப் பழகினேன். ஜெனி சமையல் மேடை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ஒரே கேள்வி.

"அவங்க ஏம்மா திருட்டுத்தனமா வந்து தொட்டாங்க?"

"அந்தக் காலத்துச் சட்டம்டி. அவ தொட்டதெல்லாம் தீட்டு. தெரிஞ்சா அடிச்சுத் துரத்துவாங்க."

"அவரு திட்டலியா?"

"திட்டறதா? அத்தனை பேரு நடுவுல நிக்க வச்சு 'மகளே'ன்னாரு. வேற எந்தப் பொம்பளையையும் அவரு அப்படிக் கூப்பிட்ட மாதிரி எனக்குத் தெரியல."

"அப்ப நம்ம சர்ச்ல மட்டும் ஏன் அந்த மூணு நாளும் கடைசி பெஞ்சு? நற்கருணை அப்பம் வாங்கக்கூட ஏன் போக மாட்டேங்கறீங்க?"

"போய் கெமிஸ்ட்ரி படி. காலாண்டுப் பரீட்சை வருது."

பதில் தெரியாததால்தான் கெமிஸ்ட்ரி. என் அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார், நானும் உட்கார்கிறேன். எந்தப் போதகரும் அப்படி உட்காரச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

14 செப்., சனி

சர்ச் தரையைக் கழுவிவிட்டோம். இடுப்பு விட்டுப்போச்சு. பக்கத்து க்வார்ட்டர்ஸ் சாரா அக்காவுக்கு என்னைக் கிண்டல் பண்ணாவிட்டால் தூக்கம் வராது. "இன்னா எஸ்தரு, நாளைக்குப் பிரசங்கியம்மா. இன்னிக்குத் தொடப்பம் புடிச்சிகினு கீற?"

ஜெனி ஆல்டரில் ஏறி ஒரு தடவை வாசித்துப் பார்த்தாள். மைக் இல்லாமலே வாசல் வரைக்கும் கேட்டது. "கண்ணு பட்டுடப்போவுதுக்கா" என்றேன். "கிறிஸ்தவச்சி பேசற பேச்சா இது?" அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

15 செப்., ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை.

காலையில் ஜெனிக்குப் புடவை கட்டிவிட்டேன். கொசுவம் நிற்காமல் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு. கிளம்புகிற நேரத்தில் பாத்ரூமிலிருந்து குரல். "அம்மா, எனக்கு வந்துடுச்சு. பரவால்ல, பேட் வச்சிட்டேன். போலாம்."

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வேணாம்டி. ஆல்டர்ல ஏறாத. கடைசி பெஞ்சுல உக்காந்துக்கோ, சாரா அக்காவப் படிக்கச் சொல்றேன்."

"அம்மா, என்ன பாடம்னு தெரிஞ்சுதான் சொல்றியா?"

"வெள்ளைப் புடவை வேற. கறை பட்டா மானம் போயிடும்."

புடவை சும்மா சாக்கு. கறுப்புப் புடவையாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவள் புடவையை அவிழ்த்து வைத்துவிட்டுப் பழைய நீலச் சுடிதாரோடு வந்தாள்.

சாரா அக்கா கண்ணாடியைத் தேடி எடுத்துத் தட்டுத்தடுமாறி வாசித்தார். அப்புறம் நான். இயேசு தீட்டுப் பார்க்கவில்லை என்றேன். ஊர் ஒதுக்கினவளை நடுவில் நிறுத்தினார் என்றேன். நன்றாகத்தான் பேசினேன், அதுதான் கொடுமை. பேசப் பேச, கடைசி பெஞ்சின் சுவரோரத்தில் அந்த நீலச் சுடிதார் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. "ஜெனி, இங்கே வா" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். மைக் என் கையில்தானே இருந்தது. கூப்பிடவில்லை.

வெளியே வந்ததும் ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள். இவர், "பிச்சி ஒதறிட்ட மே!" ஐயரம்மா மட்டும், "ஜெனி ஏன் படிக்கல?" என்றார். தலைவலி என்றேன். பிரசங்கம் பண்ணின வாய் ஆறுவதற்குள் பொய்.

17 செப்., செவ்வாய்

இன்றைக்குத்தான் நிஜமான மழை. கொடித் துணி அத்தனையும் போச்சு.

வாங்கிப்போன குக்கரைத் திருப்பித் தர ஐயரம்மா வந்தார். "பொண்ணுக்குத் தலைவலி விட்டுச்சா?" மனசு கேட்கவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தேவிட்டார்.

"அடிப்பாவி! எனக்கும் அன்னிக்கு அதேதான். காணிக்கைத் தட்டை எடுத்துகினு நான் ஆல்டர்ல ஏறல? எத்தினி வருசமா ஏறிகினு கீறேன்."

"யாராவது ஏதாவது சொல்லுவாங்கன்னு..."

"யாரு சொன்னாங்க? நீதான சொன்ன."

அவர் போன பிறகு என் டீயைக் கீழே கொட்டினேன். குடிக்கத் தோன்றவில்லை. யாரும் போடாத சட்டத்தை என் பிள்ளை மேல் நானே போட்டிருக்கிறேன். ஐயோ, வாய் திறக்கும் முன் ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாதா.

ஸ்கூல் விட்டு வந்ததும், "தப்பு என் மேலதான்டி" என்றேன். "பரவால்லம்மா" என்றாள். ஷூவைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தாள். என்றைக்கும் வைக்கமாட்டாள். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

19 செப்., வியாழன்

வெயில். துணி காய்ந்தது. ஃபால்ஸ் தைத்த வெள்ளைப் புடவையை மடித்து பீரோவில் வைத்தேன்.

இவருக்கு இன்று ஷிப்ட் இல்லை. சாயந்திரம் குடும்ப ஜெபத்தில் மூன்று பேரும். பைபிளை ஜெனியிடம் நீட்டி அதே பாடத்தைப் படிக்கச் சொன்னேன். வீட்டிலாவது வாசிக்கட்டும் என்று ஒரு அசட்டு எண்ணம்.

"நீயே படிம்மா. உன் பாடந்தானே."

படித்தேன். 'மகளே' என்கிற இடம் வந்ததும் குரல் நின்றுவிட்டது. அடுத்த வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

"இன்னாமே, எழுத்து தெரியலயா? கண்ணாடிய மாத்தணும் ஒனக்கு" என்றார் இவர்.

ஜெனி தலை நிமிரவில்லை. புத்தகத்தையும் பார்க்கவில்லை. நான் விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். சனிக்கிழமை சர்ச்சில் கேட்ட அதே குரல், அதே நிறுத்தம். கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை தவறவில்லை. முழுசும் மனப்பாடம் பண்ணி வைத்திருந்திருக்கிறாள்.